செவ்வாய்க்கிழமை முகம்

பத்தரைக்கு வருவார்.
பதினொரு பேரும் காசோடு சேரும்வரை
எங்கள் காம்பரா வாசலில்
பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்திருப்பார்
நுண்கடன் கம்பெனி கிரிதரன்.

வேறு யார் எனக்காக
ஒரு மணிநேரம் அசையாமல் இருப்பார்கள்?

வெள்ளவத்தையில் நான் வேலைக்கு நின்ற வீட்டுப் பிள்ளை
மெல்பேர்ன் போகையில் விட்டுப்போன பெயின்ட் பெட்டி.
அலுமாரியின் முதுகுப் பலகை.
மிச்சமெல்லாம் போனில் படித்தது:
கண்ணை இடுக்கிப் பார்.
மூக்கை வரையாதே, அதன் நிழலை வரை.
கறுப்பு டியூப்பை மூடியே வை.

முதல் வாரம் கோபத்தில் வரைந்தேன்.
கொம்பு ஒன்றுதான் பாக்கி.
"எங்க மாமா மாதிரி இருக்கு" என்றார்.
பழந்துணியால் துடைத்தேன்.
துடைத்த இடத்தில் சாம்பலாய் ஒரு தலை மிஞ்சியது.
அதுவரை வரைந்ததில் அதுதான் சரி.

மூன்றாம் வாரம் மஞ்சளில் துளி நீலம் பட்டு
கண்ணுக்குக் கீழே அந்தப் பச்சை வந்தது.
இரவெல்லாம் கணக்குப் பார்க்கிறவர்களின் பச்சை.
கண்ணாடியில் பார்த்தேன்,
எனக்கும் அதே இடத்தில் அதே நிறம்.
அதற்காக வட்டி ஒரு சதம் குறையவில்லை.

மஸ்கெலியாப் பக்கமிருந்து பனி ஏறினால்
கன்னத்து வெளிச்சம் அணைந்துவிடும்.
இரண்டு பேரும் காத்திருப்போம்
அவர் காசுக்கு, நான் கன்னத்துக்கு.

பொகவந்தலாவக் குளிரில் எண்ணெய் காய்வதாயில்லை.
காதுமடலில் ஒரு சின்ன ஈ ஒட்டிச் செத்தது.
எடுக்கவில்லை. மச்சமாய்ப் பொருந்தியிருந்தது.

"கொஞ்சம் சிரிக்கிற மாதிரி போடுங்களேன்,
அம்மாவுக்கு போட்டோ எடுத்து அனுப்பணும்."
அப்போ சிரிங்க என்றேன்.
உதடு பிரிகிற நேரம் பார்த்து
பரமேஸ்வரி வந்து, இந்த வாரம் இல்லை சேர் என்றாள்.

ஒன்பதாம் செவ்வாய் வேறொருவன்.
ஹெல்மெட் கழற்றவில்லை, உட்காரவுமில்லை.
கிரிதரன் எங்கே என்று கேட்டேன்.
பற்றுச்சீட்டைக் கிழித்து நீட்டினான்.

அடுப்புக்கு மேல்தட்டில் படம் இருக்கிறது.
இடது கண் வெறும் மண்நிறப் பூச்சு.
காய்ந்ததா என்று நேற்றுத் தொட்டுப் பார்த்துவிட்டு
மறந்துபோய் மெஷினில் உட்கார்ந்தேன்.
கடன் இருக்கிற மெஷின்.

யாரோ ஒரு பிள்ளையின் ஸ்கூல் வெள்ளைச் சட்டையில்
கன்னம் ஒரு பொட்டளவு ஒட்டிக்கொண்டது.
மண்ணெண்ணெய் போட்டும் போகவில்லை.
அந்த ஓரத்தை உள்பக்கம் மடித்துத் தைத்தேன்.