இரண்டு ஆள்

மூன்றாம் செமஸ்டர், டிசைன் கம்யூனிகேஷன்:
ஓர் எச்சரிக்கைப் பலகை.
எனக்கு விழுந்த இடம் கொள்ளிடம்,
அணைக்கரைக்குக் கீழே ஒரு துறை.
மணல் அள்ளிய குழிகள்
தண்ணீருக்குள் வாய் திறந்து கிடக்கும்.

'ஆழம்' என்று மட்டும் எழுதினேன்.
ழகரத்தின் வாலை இழுத்து இழுத்து
பலகையின் அடிவிளிம்பு வரை இறக்கினேன்.
கும்பகோணத்தில், வகுப்புச் சுவரில்,
அது நிஜமாகவே மூழ்கியது.
ஜெனோவா கைதட்டினாள்.
பத்துக்கு ஒன்பது.

ஞாயிற்றுக்கிழமை கம்பத்தில் கட்டி நட்டுவிட்டு
கருவை நிழலில் நோட்டோடு உட்கார்ந்தேன்.
முதலில் வந்த பையன்கள்
பலகையோடு படம் எடுத்துக்கொண்டார்கள்.
அடுத்து வந்தவர் சட்டையைக் கழற்றி
ழகரத்தை மூடி மாட்டிவிட்டு
இறங்கப் போனார்.

கத்தினேன்.
எழுத்துருவும் இல்லை, வண்ணமும் இல்லை
அந்தக் கத்தலுக்கு.
திரும்பிப் பார்த்தார்.

அடுத்த வாரம் மஞ்சள் பெயின்ட்.
கம்பத்தில் ஓர் ஆணி,
சட்டை மாட்டும் உயரத்தில்.
ஆணிக்குப் பக்கத்திலேயே:
'இங்கே இரண்டு ஆள் ஆழம்.'
கோணல் எழுத்து. வால் குட்டை.

அதே மனிதர்.
ஒரு கை இன்னும் சட்டைக்குள் இருக்க
எழுத்துக்கூட்டிப் படித்தார்.
"ரெண்டு ஆளுன்னா எந்த ஆளும்மா?
உன் ஒசரமா, என் ஒசரமா?"

இதை யாரும் வகுப்பில் கேட்கவில்லை.
நானும்தான்.

கம்பத்தோடு முதுகை ஒட்டி நிற்கச் சொல்லி
உச்சந்தலை மட்டத்தில்
பென்சிலால் ஒரு கோடு போட்டேன்.
நுனியில் தேங்காய் எண்ணெய் ஒட்டியது.
முடி காய்ந்தே இருந்தது.