பொருத்தம்

எட்மன்டனில் சனவரி.
நாலரை மணிக்கெல்லாம் வெளிச்சம் கடையைப் பூட்டிவிடும்.
நாங்கள் வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றும்போது
ஹோல் சுவருக்கென்று ஒரு நிறம் இல்லை,
பல்பு சொல்வதுதான் நிறம்.

ஆகவே செயலியை இறக்கினேன்.
சுவரைப் படம் எடுக்கவும் என்றது.
எடுத்தேன்.
உங்கள் மனநிலை என்ன என்றது.
அதை ஒருவர் கேட்டு
எத்தனை வருடம்.
அமைதி, உற்சாகம், நவீனம்,
மூன்றில் ஒன்றைத் தொடலாமாம்.
களைப்புக்குப் பொத்தான் இல்லை.

வெள்ளை மட்டும் நூற்று அறுபத்துநாலு.
முட்டையோடு, பழங்கடிதம், தூங்கும் ஆடு,
ஒன்பது மணிப் பனி,
கிட்டத்தட்டப் பால்.
கிட்டத்தட்டப் பால் எனக்குத் தெரியும்.
சைக்கிளில் கொண்டுவந்து ஊற்றுவார்கள்.

கமராவை எதன்மேல் நீட்டினாலும்
நிறத்தைப் பிடித்து எண் சொல்லும்.
குசினிக்குள் போய் ரசத்தின்மேல் நீட்டினேன்:
இலையுதிர்காலத் தோல்பை.
மஞ்சள்கறை பட்ட மேசைத்துணி:
கோடை விடுதி.
என் முழங்கை:
ஈர அட்டைப்பெட்டி, எண்பத்தேழு வீதம் பொருத்தம்.

எங்களுக்குப் பார்த்தபோது
பத்துக்கு ஆறுதான் வந்தது.
போதும் என்றார்கள்.

கன்பராவில் தங்கச்சிக்கு அனுப்பினேன், அங்கே கோடை.
பச்சையாய்க் கிடக்கு அக்கா.
பச்சையில்லையடி, சாம்பல்.
உன்ரை போன் பொய் சொல்லுது.
உன்ரைதான்.
இரண்டு கண்டங்கள் ஒரு சாம்பலுக்காகச்
சண்டை பிடித்தோம்.

உங்களுக்கு எது பிடிச்சிருக்கு என்றேன்.
எதெண்டாலும் சரி என்றார் ஞானசீலன்.
கட்டிலுக்கும் காருக்கும்
மகளுக்கு வைத்த பெயருக்கும்
இதே பதில்தான், பதினொரு வருடமாய்.
சுவரோடு பேசுவதுபோல என்று
அவர் பக்கத்தில் இருக்கும்போதே
தொலைபேசியில் சொல்லியிருக்கிறேன்.

சோபாவில் இருந்தார், சாம்பல் ஸ்வெட்டரோடு.
பின்னால் சாம்பல் சுவர்.
படத்தில் சுவரைத் தொட்டு,
மழைக்கு முந்திய குளம் என்ற நீலத்தை விட்டேன்.
அது சுவரில் ஏறியது.
நிற்காமல் அவரிலும் ஏறியது.
தோள் குளம், வயிறு குளம்,
மடித்த கைகள் குளம்.
தலை மட்டும்
மூக்குக்கண்ணாடியோடு மிதந்தது.

கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தேன்.
நீட்டிக் காட்டினேன்.
அவர் சிரிக்கவில்லை.
கனநேரம் பார்த்தார்.
நான் எங்கை, என்றார்.

பிறகு போனை என் கையிலிருந்து எடுத்து
மூலையில் கிடந்த அழிப்பானைக் கண்டுபிடித்தார்.
(ஒரு கிழமையாய் நான் காணாதது.)
ஒற்றை விரலால்
சுவரிலிருந்து தன்னை வெட்டத் தொடங்கினார்,
முதலில் இடது தோள்,
பிறகு காதோரம், சவரக்கத்தி போகிற கவனத்தில்.
மகள் ஒருமுறை எட்டிப் பார்த்து
பால் குடித்துவிட்டுப் படுக்கப் போனாள்.
கடைசியில் முழங்கை வந்தது.

இந்த நீலம் வேண்டாம்.
எனக்கு மஞ்சள் விருப்பம்.

எப்ப தொடக்கம்?

எப்பவுமே.

சனிக்கிழமை மில்வூட்ஸ் கடையில்
மூன்று சின்ன டப்பா வாங்கிவந்து
சன்னலுக்கு அருகில் மூன்று சதுரம் பூசினோம்.
பதினொரு மணிக்கு, வெளியே கிடந்த பனியில் பட்டு
வெயில் உள்ளே திரும்பியது.
ஒன்றுகூட செயலி காட்டிய நிறத்தில் இல்லை.
முதலாவது கஞ்சி.
இரண்டாவது, காய்ச்சல்காரன் கண்.
மூன்றாவதன் முன்னால் போய் நின்றார்,
தள்ளி நின்றார், தலையைச் சரித்தார்.

இது சரியில்லை, என்றார்.

நான் தூரிகையைப் பேப்பரில் வைத்துவிட்டு
இன்னொருக்கால் சொல்லுங்கோ என்றேன்.