இரண்டு ஸ்கூட்டர் இடம்

வரைபடத்தில் அது
பச்சை மையில் ஒரு கோழிமுட்டை.
ஈரோட்டில், பருத்திச் சந்தில்,
வகாப் பாயின் ஜமக்காளக் கடை வாசலில்
இரண்டு ஸ்கூட்டர் நிற்கிற இடம்.

"பள்ளம் தோண்டிப்போட்டு
மறுக்காப் பள்ளமாவே உடச் சொல்றீங்களே,
ஏனுங் மேடம்?"
மேஸ்திரி சென்னியப்பன் கேட்டார்.
முப்பது வருஷம் சாக்கடை கட்டிய கை.
தண்ணீரைக் கண்டால் அவருக்குத் துரத்தவேண்டும்:
வாட்டம் கொடு, குழாயில் தள்ளு,
அக்கட்டால போனால் அவன் பாடு.
நான் படித்த படிப்பும் அதேதான்,
இங்கிலீஷில்.

அந்தக் குழாய் ஒன்பது அங்குலம்.
யார் பதித்தது, எந்தக் கோப்பிலும் இல்லை.
அது பதிந்த நாளில் இந்தச் சந்தில்
கூரைக்கும் கூரைக்கும் நடுவே மண் இருந்திருக்கும்.
இப்போது மொட்டைமாடி, சிமெண்ட், தார்,
பேவர் பிளாக்.
விழுகிற துளி
விலாசம் கிடைக்காமல் அலைந்து
கடைசியில் பாயின் கிடங்கில் இறங்குகிறது.

போன ஐப்பசி, தீபாவளிக்கு முந்தின வியாழன்,
கீழிருந்து ஐந்து படி.
கடனுக்குப் பிடித்த சரக்கு.
சிவப்பு வெள்ளைக்குள் போனது,
நீலம் எல்லாவற்றுக்குள்ளும் போனது.
அவர் புகார் எழுதவில்லை.
சுவரில் கரிக்கட்டையால் ஒரு கோடு இழுத்து
தேதி போட்டிருந்தார்.
அந்தக் கோட்டைப் பார்த்துத்தான்
முட்டையை அங்கே வரைந்தேன்.

மற்ற ஊரில் பள்ளம் என்றால் விழுகிற இடம்.
கொங்கில் ஓடைக்கே அதுதான் பேர்.
பெரும்பள்ளம், பிச்சைக்காரன்பள்ளம் என்று
வாய் நிறையச் சொல்கிறோம்,
மூடி போட்டு மேலே பைக் ஓட்டுகிறோம்.

மேடை கட்டிக் குரோட்டன்ஸ் வைக்கலாம் என்றார்
ஒப்பந்தக்காரர்.
திறப்பு விழாவுக்கு எடுப்பாக இருக்குமாம்.
"தரைக்கு முக்கால் அடி கீழே" என்றேன்.
ஏழு தடவை.
அடியில் ஜல்லி, மேலே மணல்,
அதற்கும் மேல் தேங்காய்நார்க் கழிவு கலந்த மண்.
வெட்டிவேர், கோரை, கல்வாழை.
கரைக்கல்லில் ஒரு சாண் வாய்.
மூன்றாம் நாள் கோரையை ஆடு மேய்ந்தது.
நாலாம் நாள் அதற்குள்ளேயே
யாரோ ஸ்கூட்டரை இறக்கியிருந்தார்கள்.

மழை ஒரு செவ்வாய் ராத்திரி வந்தது.
டார்ச்சும் அளவுகோலுமாய் நான்,
தலையில் உரச்சாக்கோடு சென்னியப்பன்.
மண்டிப் பக்கமிருந்து மஞ்சள்தூள் கரைந்த தண்ணீர்
டீக் கப்புகளை உருட்டிக்கொண்டு வந்தது.
வெட்டின வாயருகே நின்றது,
"வாங்க" சொல்லாமல் படியேறாத ஒறம்பரை மாதிரி.
சென்னியப்பன் குனிந்து
அடைத்திருந்த ஒரு கப்பை எடுத்தார்.
உள்ளே போனது.

நாற்பது நிமிஷம் குடித்தது.
பிறகு நிறைந்து, வழிந்து,
பழைய வழிக்கே போனது.
கிடங்கில் ஒரு படி.

"ஐப்பசி மழையில இது பாதிதான் பாய்,"
உண்மையைச் சொல்லிவிட்டேன்.
அவர் கரிக்கட்டையைத் தேடிக்கொண்டிருந்தார்.
பழைய கோட்டுக்கு வெகு கீழே
இன்னொரு கோடு. தேதி.
"ஒரு படியும் படிதாம்மா.
அடியில இருந்த கட்டு நனைஞ்சுதான் கெடக்கு."

விடியலில் முட்டை காலி.
சென்னியப்பன் கடப்பாரை இறக்கிப் பார்த்தார்.
ஈரம் மட்டும்.
"எங்கீங் போச்சு அத்தனையும்?"
"கீழே."
களவு போன வீட்டில் நிற்பவர் போலச்
சுற்றுமுற்றும் பார்த்தார்.

அளவுப் புத்தகம் எழுத உட்கார்ந்தேன்.
ஜல்லிக்குக் கட்டம் உண்டு, மணலுக்கு உண்டு.
வராமல் போன தண்ணீருக்கு இல்லை.
இந்தச் சந்துக்கு இன்னும் முப்பத்தேழு முட்டை.
எழுபத்துநாலு ஸ்கூட்டர்.

எதிர்ச்சாரி சலூன்காரர்
இப்போதே தன் வண்டியைக் குறுக்காக நிறுத்தி
பூட்டுப் போட்டுக்கொண்டிருக்கிறார்.