முகூர்த்தமில்லா நாட்கள்

திங்கள்சந்தை சமூக நலக்கூடத்தின்
சாவியும் நோட்டும் என்னிடம்.
ஆடி, மார்கழி,
லெந்து நாற்பது நாள்,
அஷ்டமி, நவமி, கரிநாள் என
யாரும் தாலி கட்டாத தேதிகளைப்
பென்சிலால் வட்டமிட்டு
நிமிலாவுக்குக் கொடுத்துவிடுவேன்.
வாடகை இல்லை, கரண்டுக் காசு மட்டும்.
அதற்கே மூன்று முறை கமிட்டி கூடியது.

"பரதமாக்கும்?"
"இல்ல."
"சினிமா டான்சா?"
"அதுவும் இல்ல."
"பாட்டு?"
"பாட்டு கெடையாது."
பொருளாளர் ஏசுவடியான்
கண்ணாடியைக் கழற்றித் துடைத்து
மறுபடி மாட்டிக்கொண்டார்.
"பின்ன என்னத்துக்கு ஹாலு?"
"விழுந்து பாக்க" என்றாள் நிமிலா.
"வீட்டுல விழுந்தா
சத்தம் கேட்டு ஆளு வருது."

தீர்மானப் புத்தகத்தில்
நடனப் பயிற்சி என்று எழுதினேன்.
அடித்துவிட்டு
இதர என்று எழுதினேன்.

முதல் ஆடியில்
அவர்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து
பழைய பாக்கிகளைக் கூட்டிக்கொண்டிருந்தேன்.
பின்னால் பாதங்கள் தரையில் உரசும் ஒலி.
ஐந்து மின்விசிறிகள், அதில் ஒன்று முனகும்.
அந்த முனகலுக்குத்தான் ஆடுகிறார்கள் என்று
தெரியாமல்
எண்ணெய் விட ஆள் சொல்லியனுப்பினேன்.
ஓடிவந்து தடுத்தார்கள்.

அஜிதா நாகர்கோவிலில் எக்ஸ்ரே எடுப்பவள்.
பகலெல்லாம் பிறரிடம்
மூச்சைப் பிடி, மூச்சைப் பிடி.
இங்கே வந்து
அந்த மூச்சையெல்லாம் விடுகிறாள்,
தோளிலிருந்து, முட்டியிலிருந்து,
கணுக்காலிலிருந்து.

ரெஜின் விடியுமுன்
நெற்றி விளக்கோடு ரப்பர் வெட்டப் போகிறவன்.
ஹாலின் நடுவே
இல்லாத ஒரு மரத்தைச் சுற்றி வந்தான்.
இடதுகை எதையோ தாங்க,
வலது மணிக்கட்டு சரிவாக இறங்க,
கழுத்து மட்டும் பால் வடிகிறதா என்று
திரும்பிப் பார்க்க,
ஒரு மணி நேரம் இதுவேதான்.
எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.
மறுநாள் தரை பெருக்கியபோது
அந்த இடத்தைச் சுற்றிப் பெருக்கியிருந்தேன்.

போன ஆடியின் கடைசி சனிக்கிழமை
ஆட்டம் காட்டினார்கள்.
முந்நூறு நாற்காலிக்குப் பதினோரு பேர்,
வாட்ச்மேனையும் சேர்த்து.
பந்திக்கூடத் தகரத்தில் மழை
வெட்கமில்லாமல் கொட்டியது.
மணவாளக்குறிச்சியிலிருந்து ஒரு தம்பதி
பட்டும் பிச்சிப்பூவுமாய் வந்திறங்கினார்கள்.
பத்திரிகையில் தேதி சரி,
மாதம்தான் ஆவணி.
சொல்ல வாயெடுப்பதற்குள்
முன்வரிசையில் உட்கார்ந்துவிட்டார்கள்.

நிமிலா விழுந்தாள்.
எழுந்தாள். விழுந்தாள்.
ஒன்பதாவது தடவை அந்த மனிதர்
"அம்மாடி" என்று பாதி எழும்பினார்,
மனைவி வேட்டியைப் பிடித்திழுத்தாள்.
பத்தாவது தடவை அவர் எழவில்லை.
கை மட்டும்
மடியைவிட்டு ஒரு சாண் முன்னால் போய்
அங்கேயே நின்றது.
அடுத்த முறை
மனைவியின் கையும்.

போகும்போது
சுருள் கவரை என் மேசையில் வைத்தார்.
"கலியாணம் இண்ணைக்கு இல்ல" என்றேன்.
"அது தெரிஞ்சாச்சு. வச்சது வச்சதாக்கும்."
ஐந்நூற்றொன்று.
வரவு என்று எழுதினேன்.
மணமக்கள் பெயர் எழுதும் கட்டத்தில்
பேனா நின்றுவிட்டது.
ஏசுவடியான் தணிக்கைக்கு வந்து
காலிக் கட்டத்தைப் பார்த்தார்,
என்னைப் பார்த்தார்,
கையெழுத்துப் போட்டுப் போனார்.

ஆவணி முதல் முகூர்த்தம்.
நாதஸ்வரம், ரோஸ் பன்னீர்,
உள்ளே நுழைய இடமில்லை.
வீடியோக்காரப் பையன் வயரை இழுத்துக்கொண்டு
ஹாலின் நடுவே நேராக வந்தான்.
"அங்க வேண்டாம் மக்கா,
சுத்திப் போ" என்றேன்.
ஏன் என்று கேட்கவில்லை.
சுற்றிப் போனான்.