ஊருக்கெல்லாம் ஒரே ஃபில்டர்

மேசைக்குக் கீழே அட்டைப்பெட்டியில் இருக்கிறது அது.
கரி படிந்த மடிப்புகள்,
நடுவே செத்த விட்டில் ஒன்று.
விட்டில் முக்கியம் என்பார் எங்கள் மேலாளர் டர்ன்குவிஸ்ட்.
விட்டிலைப் பார்த்ததும் வாய் கோணும்.
வாய் கோணினால் முப்பத்தெட்டு டாலர்.

எட்டு மாதமாக
காத்திருப்போர் அறைக்கு அதைத்தான்
இரு கைகளிலும் ஏந்திப் போகிறேன்,
பிரசவ அறையிலிருந்து பிள்ளையைக் கொண்டுவரும் நர்ஸைப் போல.
"உங்களுடையதுதான்."

பல் மருத்துவர் வந்தார், அவருடையது.
துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் இருவர், அவர்களுடையதும்.
புதுமணத் தம்பதி கோத்த கையை விடாமல் தலையாட்டினார்கள்.
ஒரு பாதிரியார் மட்டும் விட்டிலைப் பார்த்து
"பாவம்" என்றார்.
யாரைச் சொன்னார் என்று இன்றுவரை விளங்கவில்லை.

சுவரில் வெள்ளைப்பலகை. பெயர்கள், எதிரே எண்கள்.
என் பெயர் கடைசிக்கு ஒன்று மேலே.
கடைசியில் இருந்த ஆஸ்கரை
போன வாரத்திலிருந்து காணோம்.

ஜனவரி. டுலூத் சாலையெங்கும் உப்பு.
வெர்னா கிவெலா வந்தாள்,
பதினான்காம் எண் பள்ளிப் பேருந்தை ஓட்டுகிறவள்.
பதினேழு வயது சுபாரு.
ஆயில் மட்டும் மாற்றினால் போதும் என்றாள்.
அந்த 'மட்டும்' என்ற சொல்லை உடைக்கத்தான்
எங்களுக்கு இரண்டு நாள் பயிற்சி வகுப்பு.

ஏந்திக்கொண்டு போனேன்.
பின்னிக்கொண்டிருந்த ஊசியை அவள் நிறுத்தவில்லை.
"திருப்பு" என்றாள்.
திருப்பினேன்.
"என்னுடையதில் தேதி இருக்கும். அக்டோபர் ஒன்பது.
நானே மாற்றி, நானே எழுதினேன், பச்சை மையில்.
இது யார் வீட்டுப் பிள்ளை?"

ஐந்து நாற்காலிகள் நிமிர்ந்து உட்கார்ந்தன.
காப்பி இயந்திரம் மட்டும்
எனக்காக ஒருமுறை இருமியது.

ஆயிலுக்கான பணத்தைச் சில்லறையோடு எண்ணி வைத்தாள்.
அந்த நேரம் பார்த்துத்தான்
மெக்கானிக் ரோமன் வந்து என் காதில் சொன்னான்:
பின்பக்கம், இடது. பிரேக் குழாயை உப்பு தின்றுவிட்டது. கசிகிறது.

சொன்னேன்.
புலி வருது புலி வருது என்று
முந்நூறு தடவை கத்திய பயலைப் பார்ப்பதுபோல்
பார்த்தாள்.
"அதிலும் விட்டில் உண்டா?"

கதவு மூடிக்கொண்டது.

இந்த ஊர்த் தெருக்கள்
ஏரியைப் பார்த்துத் தலைகுப்புற இறங்குகிறவை.
கடைசி வளைவில் பனிக்கட்டி, அதற்கப்புறம் தண்ணீர்.
கோட்டு போடாமல் ஓடினேன்.
பின்வாங்கிய காரின் முதுகைத் தட்டினேன்.
கண்ணாடி இரண்டு விரல் அளவு இறங்கியது.
"எங்களிடம் செய்ய வேண்டாம். இறங்கி வந்து பாருங்கள், போதும்."

கார் நின்றிருந்த இடத்தில், பனியில்,
தேன் நிறத்தில் ஒரு சொட்டு.
கொஞ்சம் தள்ளி இன்னொன்று.
கையுறையைக் கழற்றினாள். தொட்டாள்.
இரு விரலிடையே தேய்த்து முகர்ந்தாள்.
பேருந்து ஓட்டுகிறவளுக்கு அதற்குமேல் யாரும் சொல்ல வேண்டியதில்லை.
என் காதுகள் மரத்துப்போயிருந்தன.
விலை சொல்லாமல்
எட்டு மாதத்தில் நான் பேசி முடித்த முதல் பேச்சு.

"இதை முதலில் சொல்லியிருக்கலாம் நீ"
என்றாள். இழுவை வண்டியைக் கூப்பிட்டாள்.

அது அவள் காரை இழுத்துச் சென்ற தூரம் நாற்பது அடி,
சாலைக்கு அந்தப் பக்கம், எதிர்க்கடைக்கு.
டர்ன்குவிஸ்ட் என் பின்னால் வந்து நின்றார்.
பலகையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.
ஒன்றும் சொல்லவில்லை.
பெட்டியைக் காலால் மேசைக்குள் தள்ளிவிட்டுப் போனார்.

ஐந்து மணிக்குள் இருட்டிவிட்டது.
எதிர்க்கடைக் கண்ணாடியில் மஞ்சள் வெளிச்சம்.
கார் அந்தரத்தில் நிற்கிறது.
கீழே நாற்காலியில் அவள், மடியில் நூல்கண்டு.
என் வயதுப் பையன் ஒருவன், சட்டை நிறம் மட்டும் வேறு,
இரு கைகளிலும் எதையோ ஏந்தி
அவளை நோக்கி நடந்து வருகிறான்.

ஊசி நிற்கவில்லை.
உதடு மட்டும் அசைகிறது.
ஒரே சொல்.
சாலைக்கு இந்தப் பக்கம் நின்றே
எனக்குக் கேட்டுவிட்டது.