ஏழாம் இலக்கப் பெட்டி

மாங்குளம் வைத்தியசாலையில்
பழைய மருந்துக் களஞ்சியத்துக்கு வெள்ளையடித்துத் தந்தார்கள்.
பன்னிரண்டு கதிரை, பன்னிரண்டு பெட்டி,
பெட்டிக்கொரு வளையம், முழங்காலில் மாட்ட.
அரை மணித்தியாலம், கிழமைக்கு ஐந்து நாள், ஆறு கிழமை.

ஆறு பெட்டிக்குள் காந்தப் புலம் துடிக்கும்.
மற்ற ஆறில் பச்சை லைற் மட்டும்.
எது எதென்று எனக்குத் தெரியாது,
டொக்டருக்கும் தெரியாது.
கொழும்பில் ஒட்டிய ஓர் உறைக்குத் தெரியும்.

படிவத்தின் நாலாம் கேள்வி:
உடலில் உலோகம் உண்டா?

பேராசிரியர் எழுதியபோது அது சின்னக் கேள்வி.
பேஸ்மேக்கர், எலும்பில் தகடு, அப்படி ஏதும்.
இங்கே நான் வாசித்ததும்
வரிசை சிரித்தது.

"எந்தப் பக்கம் கேக்கிறீர் பிள்ளை?"
என்றார் அருளப்பு.
இடுப்பில ஒண்டு, தோளில ஒண்டு,
மூண்டாவது எங்கயெண்டு
மழைக்கு முதல் நாள்தான் தெரியும்.

நவமலர் பையிலிருந்து எக்ஸ்ரேயை எடுத்து
யன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள்.
களையாத அரிசியில் கல் கிடப்பதுபோல
கிடந்தன.

வந்தவர்கள் இருநூற்றுப் பதினான்கு.
திருப்பி அனுப்பியது நூற்று முப்பத்தொன்று.
காரணம் என்ற கட்டத்தில்
உலோகம் உலோகம் உலோகம் என்று எழுதி
பேனை முடிந்து
கன்ரீன்காரனிடம் ஒன்று இரவல் வாங்கினேன்.
பேராசிரியர் தொலைபேசியில் கேட்டார்:
எண்ணில் ஏதும் பிழையா, ஒருக்கால் சரிபாருங்கள்.
சரிபார்த்தேன்.
நூற்று முப்பத்தொன்று.

மதனரூபியைச் சேர்த்தோம்.
பதினொரு வருசம் முகமாலையில் கண்ணிவெடி எடுத்தவள்,
முழங்காலில் நின்றே தேய்ந்த முழங்கால்.
"என்னில இரும்பு இல்லை" என்றாள்.
"வேலை விடுற அண்டைக்கு
டிடெக்டரை என்னிலேயே பிடிச்சுப் பார்த்தனான்."

அவளுக்கு ஏழாம் இலக்கம்.
நாலாம் நாள்
கொண்டையூசியொன்றை நூலில் கட்டி
வளையத்துக்கு மேலே தொங்கவிட்டாள்.
ஊசி அசையவில்லை.
பக்கத்துக் கதிரை எட்டாம் பெட்டிக்கு மேலே பிடித்தாள்.
குளிரில் நடுங்கும் சின்ன விரல்போல
நடுங்கியது.

சொல்லாதையுங்கோ, என்றேன்.
சொல்லக்கூடாது, எனக்குத் தெரியக்கூடாது.
அவள் நூலைச் சுருட்டி முந்தானையில் முடிந்தாள்.
"நான் ஒண்டும் சொல்லேல்லையே, தங்கச்சி."

நெறிமுறை மீறல் என்று பதிந்து
இனி வரத் தேவையில்லை என்று சொல்லப் போனேன்.
அவள் அடுத்த நாளும் ஏழாம் கதிரையில்
காலை நீட்டி, கண்ணை மூடி.
ஏன் வாறீங்கள், உள்ளே ஒன்றுமில்லையே?
"அரை மணித்தியாலம்
எழும்பு எண்டு ஒருத்தரும் சொல்லாத கதிரை
வேற எங்க இருக்கு?"

முதல் நாள் நோ, பத்தில் எட்டு.
ஆறாம் கிழமை, பத்தில் நாலு.
அவளுடைய கணக்கு முடிவில் சேராது.
எழுதினேன், ஒரு கோடு இழுத்து வெட்டினேன்,
வெட்டியதும் வாசிக்கக்கூடியதாக.

உறை உடைத்தார்கள்.
புலம் இருந்த பெட்டியில் நோ இரண்டு புள்ளி மூன்று குறைந்தது,
இல்லாத பெட்டியில் இரண்டு புள்ளி ஒன்று.
தற்செயலாகவும் இருக்கலாம்,
பெரிய ஆய்வு தேவை, என்றது கடைசி வரி.
பொய்யில்லை.
நூற்று முப்பத்தொரு பேர்
முதல் பக்கப் படத்தில் ஒரு சதுரத்துக்குள் இருந்தார்கள்,
அம்புக்குறி அவர்களை வெளியே காட்டியது.

பெட்டிகளைச் சாக்கில் கட்டும்போது
அருளப்பு வாசலில் சைக்கிளைச் சாய்த்தார்.
நாலாம் கேள்வியை மாத்திட்டினமோ?
இல்லை ஐயா.
வெளியே வானம் கறுத்துக்கொண்டு வந்தது.
அப்ப இதையெண்டாலும் எழுதும், என்றார்,
சேட்டைத் தூக்கி.

அதற்கு ஒரு கட்டமும் இல்லை.
படிவத்தைத் திருப்பி, பின்பக்கத்தில் எழுதினேன்:
ஐப்பசி மூன்று. மழைக்கு முன்.
இடப்பக்கம், கடைசி விலாவுக்குக் கீழே.
பத்தில் ஆறு.