நூற்றுப்பத்து வோல்ட் பானை

தம்பி கப்பலில் சமைக்கிறவன்.
போன லீவுக்கு சென்ட் இல்லை, சாக்லேட் இல்லை,
லுங்கிகளுக்கு நடுவே சுற்றி
ஒரு பீங்கான் பானையைக் கொண்டுவந்தான்.
அமெரிக்காவில் வாங்கியது. நூற்றுப்பத்து வோல்ட்.
நம் ஊர்க் கரண்டைக் கொடுத்தால்
தீபாவளிக்கு முன்பே வெடி என்றார் என் வீட்டுக்காரர்.
மின்வாரியத்தில் வயர்மேன். பெயரும் பிரகாசம்.
பழைய இரும்பில் செம்புக்கம்பி சுற்றி
வோல்டைப் பாதியாக்கும் பெட்டி ஒன்று செய்து தந்தார்.
அது வண்டு மாதிரி முனகும்.

எட்டு மணி நேரம் அக்கா, நடுவில் மூடியைத் திறக்காதே.
கூட வேலை பார்க்கும் ரமீரோ சொன்னதாம், மெக்சிகோக்காரன்.
காத்திருப்பது எனக்கென்ன புதிதா,
நீடாமங்கலம் கேட்டில் நின்றே பாதி வயசு போனவள்.

ஞாயிறு, முதல் பூசை முடிந்து
வேதநாயகம் கடையில் தோள்பட்டைக் கறி,
இரண்டு கிலோ, கொழுப்போடு.
ஆட்டுக்கறி வெள்ளைக் கவரில் வரும்.
கோழி, தலைகீழாக, வெறுங்கையிலேயே வரும்.
இதற்கு மட்டும் கறுப்புக் கவர்,
அதன்மேல் தினசரித் தாள், அதன்மேல் இன்னொரு கறுப்பு.
நான் கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை.

உப்பு, பூண்டு, வறுத்துப் பொடித்த சீரகம், காய்ந்த மிளகாய்.
அவன் சொன்ன இலைக்கு எங்கே போக,
கொல்லையில் ஓமவல்லி இருந்தது.
ஆரஞ்சு என்றான், சாத்துக்குடி பிழிந்தேன்.
ரொட்டிக்கு மக்காச்சோளத்தைச்
சுண்ணாம்புத் தண்ணியில் வேகவைக்கணுமாம்.
வெற்றிலைக்குத் தடவுகிற சுண்ணாம்பா?
அதேதான் என்றான்.
அவ்வளவு பக்கத்திலா இருக்கிறது அந்த ஊர்.
ஆனாலும் பயந்து அரிசிமாவையே பிசைந்துவைத்தேன்.

பத்து மணிக்கு ஸ்விட்சைப் போட்டேன்.
பன்னிரண்டுக்குச் சீரகம் தெருவுக்குப் போனது.
இரண்டு மணிக்குப் பன்றி போனது.
புரட்டாசி. எங்கள் வரிசையில் ஒன்பது வீடு,
எட்டில் விரதம்.
ஜன்னல்கள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டன,
கோபமாக இல்லை, மரியாதையாக,
கொக்கி விழுவது மட்டும் கேட்கும்படி.

மூன்று மணிக்குக் கரண்ட் போயிற்று.
வண்டு அடங்கியது.
நடவு முடிந்த வயல்களிலிருந்து புழுக்கம் எழுந்துவந்து
வீட்டுக்கு வீடு உட்கார்ந்தது.
ஃபேன் நின்ற எட்டு வீட்டிலும்
சாத்திய ஜன்னல்கள் திறந்தன, வேறு வழி?
மணம் உள்ளே போய்ச் சம்மணமிட்டது.

மதிலுக்கு மேல் வசுமதியின் முகம்.
என்ன வாசனை அது?
ஓமவல்லி என்றேன். பொய்யில்லை.
ஓமவல்லிக்கு இவ்வளவா என்று
இன்னொரு மூச்சு இழுத்துக்கொண்டு போனாள்.

மூடியைத் தொடவில்லை. காய்ச்சல்காரப் பிள்ளையைப் போல
துண்டால் போர்த்திவிட்டுப் போன் போட்டேன்.
கொரடாச்சேரிப் பக்கம் ஏதோ கம்பத்தின் மேல் இருந்தார்.
தென்னை மட்டை விழுந்து லைன் அறுந்திருக்கு,
ராத்திரி ஆகும்.
அஞ்சு மணி நேரம்தான் வெந்திருக்கு, என்றேன்.
கொஞ்ச நேரம் காற்று மட்டும் பேசியது.
எவ்வளவு கொழுப்பு வாங்கினே? என்றார்.

நாலரைக்குக் கரண்ட் வந்தது.
பிரகாசம் சார் மாதிரி உண்டா என்றது தெரு.
வசுமதியின் மாமனார், நெஞ்சுவலிக்காரர்,
என் வாசலைப் பார்த்துக் கைகூப்பினார்.
பன்றிக்கு யாரும் நன்றி சொல்லவில்லை.

ஏழரைக்குத் திறந்தேன்.
முள்கரண்டி இரண்டால் கிழிக்கச் சொன்னான், விரலே போதுமாயிருந்தது.
குளத்தில் ஊறிய மட்டை நாராகப் பிரிவதுபோல
இழையிழையாக வந்தது.
எலும்பு தானே விலகி ஓரமாகப் படுத்துக்கொண்டது.
தோசைக்கல்லில் பரப்பி, அதன் கொழுப்பிலேயே
ஓரம் கருகும்வரை விட்டேன்.

ஒன்பதுக்கு வந்தார்.
சோப்புக்கும் போகாத டிரான்ஸ்ஃபார்மர் ஆயில் கையால்
ரொட்டியைச் சுருட்டி, நின்றுகொண்டே நாலு.
ஐந்தாவதைக் கையில் வைத்துக்கொண்டு
கரண்ட் தானாத்தான் வந்துச்சு, என்றார்.
நான் ஒன்றும் கேட்கவில்லை.

கொல்லைப்பக்கம் யாரோ செருமினார்கள்.
வசுமதியின் மூத்தவன்.
ஓமவல்லி ரெண்டு இலை வாங்கிவரச் சொன்னார்களாம் அம்மா.
பறித்துக் கொடுத்தேன்.
கசக்கி முகர்ந்து பார்த்தான்.
இது இல்லை, என்றான்.